கடைசிச் சுற்றில் ஊர்ப் பிள்ளை

எங்கள் ஊரில் நாலு பக்கமும் நின்று போக வேண்டிய சந்திப்பு ஒன்றே ஒன்றுதான். வெண்டல் க்ரூப்பா அங்கே வந்தால் மற்ற மூன்று பக்கத்து வண்டிகளும் போன பிறகுதான் அவருடைய ஸ்கூல் பஸ் நகரும். பின்னால் பிள்ளைகள் கத்துவார்கள். "போகட்டும் விடுங்க, அவங்களுக்கு என்ன அவசரமோ" என்பார்.

நானும் அந்த பஸ்ஸில் போனவள். ஒன்பதாம் வகுப்புப் பாதியில் அம்மா முதுகு போய்ப் படுத்துவிட்டதால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க பஸ் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. கதவு திறக்கும். கொஞ்ச நேரம் காத்திருக்கும். பிறகு மூடிக்கொண்டு போகும். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். இனி நிற்க வேண்டாம் என்று போய்ச் சொல்ல எனக்கு வெட்கம். வருவாயா என்று கேட்க அவருக்கும் வெட்கம்தான் போலிருக்கிறது.

பிற்பாடு எனக்கு, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற ஊர் பௌலிங் கூடத்தில் வேலை கிடைத்தது. ஷூ வாடகைக்குக் கொடுப்பது, காபி ஊற்றுவது, பாப்கார்ன் பொரிப்பது. என் கவுண்டருக்கு எதிரே ஒரு நீள மேஜை. அங்கேதான் அவர்களுடைய ஃபேன்டஸி பேஸ்பால் லீக் நடக்கிறது. எட்டுப் பேர். மார்ச் மாதம் உட்கார்ந்து, முறைவைத்து, பெரிய அணிகளில் ஆடும் நிஜ ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் எடுத்தவரை இன்னொருவர் எடுக்க முடியாது. அதன்பிறகு சீசன் முடியும்வரை, அந்த ஆட்டக்காரர்கள் எங்கோ ஒரு மைதானத்தில் அடித்தால் இவர்களுக்கு இங்கே புள்ளி. திங்கட்கிழமை வந்தால், அந்த வாரம் யார் களத்தில், யார் பெஞ்சில் என்று ஃபோனில் குறித்துவிட வேண்டும். குறித்தது குறித்ததுதான். பெஞ்சில் இருப்பவன் அந்த வாரம் வானத்துக்கு அடித்தாலும் கணக்கில் வராது.

சீசன் முடிந்ததும் அலசல் நாள். அதற்குத் தேதி கிடையாது. அக்டோபரில் சோள அறுவடை நடக்கும்போது மழை வந்து யாரும் வயலில் இறங்க முடியாமல் போகிற முதல் நாள்தான் அலசல் நாள். ஒவ்வொருவரும் எழுந்து நின்று, மார்ச்சில் எடுத்த அதே வரிசையில் பேர்களைச் சொல்ல வேண்டும். நல்ல தேர்வு என்றால் எல்லோரும் மேஜையைத் தட்டுவார்கள். தண்டம் என்றால் பாப்கார்னை எறிவார்கள். பெருக்குவது நான்.

இந்த லீக்குக்குக் கமிஷனர் மார்லிஸ் யெலினெக். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். ஊரில் பாதிப் பேரின் தலை அவள் கையில் இருப்பதால் யாரும் அவளை எதிர்த்துப் பேச மாட்டார்கள். டேட் வாவ்ரா விஷயத்தை ஆரம்பித்தவளும் அவள்தான்.

டேட் எங்கள் ஊர்ப் பையன். வெண்டலின் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மட்டையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போனவன். பெரிய அணி ஒன்றில் சேர்ந்துவிட்டான். ஆனால் யாருக்காவது அடிபட்டால்தான் அவனை ஆட விடுவார்கள். புள்ளிக்கு அவனை நம்ப முடியாது. "கடைசியா போனாலும் போகட்டும், நம்ம பிள்ளை பேரு விடுபடக் கூடாது" என்று மார்லிஸ் சொல்லிவிட்டாள். ஆகவே கடைசிச் சுற்றின் கடைசி முறை யாருக்கு வருகிறதோ அவர் டேட்டை எடுக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. வருஷம் பூராவும் பெஞ்சுக்கு அனுப்பாமல் களத்திலேயே வைத்திருக்க வேண்டும். இது எங்கும் எழுதப்பட்டதில்லை. சோளக் கிடங்கில் வேலை பார்க்கும் டப் ஹ்ருஸ்கா இதற்கு ஊர்வரி என்று பேர் வைத்திருந்தார்.

டேட்டின் அப்பா ஓரின் வாவ்ரா லீக்கில் இல்லை. "பெத்த பிள்ளையை மாட்டுச் சந்தையில நிறுத்தற மாதிரி இருக்கு" என்பார். அவரிடம் இருப்பது பழைய மடக்கு ஃபோன். ஆட்டங்களை டிராக்டர் ரேடியோவில்தான் கேட்பார். ஆனால் அலசல் நாளுக்குத் தவறாமல் வந்துவிடுவார். ஓரமாக ஒரு நாற்காலியில் தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசியாக டேட்டின் பேர் வரும். எப்படி ஆடியிருந்தாலும் எல்லோரும் மேஜையைத் தட்டுவார்கள். அதைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அந்தக் கடைசி முறை வெண்டலுக்கு வந்தது.

வெண்டல் அந்த லீக்கில் ஒருதடவைகூட ஜெயித்ததில்லை. லீக்கில் என்ன, வேறு எதிலும் ஜெயித்து நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்த வருஷம் அவர் தொட்டதெல்லாம் சரியாக வந்தது. எல்லோரும் சிரித்த ஒரு வயசான கேட்சர் கோடை முழுக்க அடித்துத் தள்ளினான். பெயர் தெரியாத ஒரு பையன் பந்து வீச வந்து யாராலும் அசைக்க முடியாதபடி நின்றுவிட்டான். சீசனின் கடைசி வாரம் வந்தபோது வெண்டலும் மார்லிஸும் ஏறக்குறைய சமமாக இருந்தார்கள். வெண்டலின் நடையே மாறியிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "காபி கொடு கண்ணு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமை காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். வழக்கமாகச் சாப்பிடுகிற பிளம் கூழ் வைத்த கொலாச்சி பன்னையும் காபியையும் கொண்டுபோனேன். ஃபோன் மேஜைமேல் இருந்தது. அதில் தொப்பி போட்ட டேட்டின் சின்னப் படம். அதன்மேல் வெண்டலின் கட்டைவிரல், தொடாமல், நின்றுகொண்டிருந்தது. நான் கோப்பையை வைத்ததும் ஃபோனைக் கவிழ்த்துவிட்டார்.

"டேட் எப்படி ஆடறான்?" என்று கேட்டேன். நான் அப்படியெல்லாம் கேட்கிறவள் இல்லை.

"பாவம், மட்டையில பந்தே பட மாட்டேங்குது" என்றார்.

கொலாச்சியைப் பாதி வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் தட்டில் மிச்சம் வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

புதன்கிழமை பகல் ஆட்டம். கூடத்து டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் எடுக்க நேரமிருந்ததால் வெண்டலும் இருந்தார். டேட் மட்டையோடு வந்தபோது யாரும் பெரிதாக நிமிர்ந்து பார்க்கவில்லை. அடித்தான். பந்து போய்க்கொண்டே இருந்தது. வேலி தாண்டிக் கூட்டத்துக்குள் விழுந்தது. பெரிய ஆட்டத்தில் அவன் அடித்த முதல் ஹோம் ரன். பந்து உருட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். டப் என் கவுண்டரை இரண்டு கையாலும் குத்தினார். வெண்டலும் எழுந்து கைதட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.

டப் புள்ளி எவ்வளவு ஏறியது என்று பார்க்க ஃபோனை எடுத்தார். பார்த்தார். வெண்டலைப் பார்த்தார். மறுபடி ஃபோனைப் பார்த்தார்.

"வெண்டல், இது என்னடா?"

"தெரியும்."

"டேட்டு பெஞ்சுல இருக்கான்டா."

"தெரியும்னு சொல்றேன்ல."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. நான் குப்பை கொட்டப் பின்பக்கம் போனபோது, காலி பஸ்ஸில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் பார்க்கிற கண்ணாடியை வேறு பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

அந்த வாரம் முடிந்தபோது வெண்டல் ஜெயித்திருந்தார். டேட்டுக்குப் பதிலாக அவர் களத்தில் போட்ட ஆள் கின்கெய்ட். அவன் ஏதோ இரண்டு சின்ன அடி அடித்தான், அவ்வளவுதான். மார்லிஸ் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு புள்ளியில என்னைத் தோக்கடிச்சிட்ட. சந்தோஷம். நம்ம பிள்ளையை வச்சிருந்தா பத்துப் புள்ளியில தோக்கடிச்சிருப்ப. கணக்குப் போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"முட்டாப்பய."

"ஆமா."

அப்போது ஓரின் உள்ளே வந்தார். அறுவடையிலிருந்து நேரே வந்திருக்கிறார். புருவத்தில்கூடச் சோளத் தூசி. வெண்டலின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"கேள்விப்பட்டேன்டா. கொஞ்சத்துல ஜெயிச்சியாமே. நான் ரேடியோவுல கேட்டதுமே நெனச்சேன். என் பையன் அடிச்ச ஒரே ஒரு அடி, அது உனக்குப் போய்ச் சேந்திருக்கு பாரு."

வெண்டல் வாயைத் திறந்தார். ஓரினின் கண் கலங்கியிருந்தது. அவர் அழுது இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை, மனைவியைப் புதைத்த அன்றுகூட.

"நல்ல அடி ஓரின்" என்றார் வெண்டல்.

அவ்வளவுதான் சொன்னார். அது பொய்யில்லை. ஆனால் ஓரின் வெளியே போவதற்குள் அது பொய்யாகிவிட்டது. மறுநாள் பெட்ரோல் பங்க்கில், தேவாலயத்தில், எல்லா இடத்திலும் இதே பேச்சு: டேட் அடித்தான், வெண்டல் ஜெயித்தார். லீக்கில் இருக்கும் எட்டுப் பேருக்கும் எனக்கும் மட்டும் வேறு கதை தெரியும்.

அலசல் நாளுக்கு முன்னால் ஒருநாள் வெண்டலும் டப்பும் மார்லிஸும் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

"ஓரின்கிட்ட இருக்கறது மடக்கு ஃபோனு. அவனுக்கு யாரு சொல்லப் போறா?" என்றார் டப். "பேரைச் சொல்லு, மேஜையைத் தட்டுவோம், பியரை ஊத்துவோம், முடிஞ்சுது."

"அவன் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான்டா."

"பிடிச்சா பிடிச்சிட்டுப் போறான். கையில என்ன சிரங்கா?"

"பொய் சொல்லுன்னு உன்கிட்ட யாரும் கேக்கலை" என்றாள் மார்லிஸ். "வாயை மூடிட்டு இருன்னுதான் கேக்கறோம். அந்தப் பையனை அணியை விட்டு அனுப்பிட்டாங்க, உனக்குத் தெரியுமில்ல? ஓரினுக்கு இப்ப மிச்சம் இருக்கறது அந்த ஒரு அடிதான். அதையும் ஏன் பிடுங்கற?"

 அந்த நாட்களில் வெண்டல் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். ஓரினின் வண்டி எப்போது தெருவில் போனாலும் எப்படியோ அவருக்குத் தெரிந்துவிடும். காபிக் கோப்பை உதட்டருகே நின்றுவிடும்.

மழை வந்தது. எட்டுப் பேரும் ஈர பூட்ஸோடு கூடினார்கள். ஓரின் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜை நடுவில் ஜெயித்தவருக்கான கோப்பை: ஒரு பழைய பௌலிங் பரிசு, அதன் தலைப்பக்கத்தில் பேஸ்பால் ஒன்றை ஒட்டி வைத்திருப்பார்கள்.

டப் முதலில் எழுந்தார். முதல் சுற்றில் அவர் எடுத்த பந்துவீச்சாளனுக்கு ஏப்ரலிலேயே முழங்கை போய்விட்டது.

"நாலு ஆட்டம் ஆடினான்" என்றார் டப். "அந்த நாலும் பாக்க அழகா இருந்துச்சு."

பாப்கார்ன் பறந்தது.

"உன்னை எடுத்திருந்தாக்கூட அஞ்சு ஆட்டம் தாங்கியிருப்ப" என்றாள் மார்லிஸ்.

"தாடி நல்லா இருக்குன்னு ஆளை எடுக்கறவ பேசக் கூடாது."

"அந்தத் தாடி இருபத்தெட்டு ஹோம் ரன் அடிச்சுது. உன் மொட்டைத் தலை என்ன அடிச்சுது?"

ஓரின்கூடச் சிரித்தார். வெண்டல் சிரிக்கவில்லை.

ஜெயித்தவர் கடைசியில்தான் பேச வேண்டும். வெண்டல் எழுந்தார். வயசான கேட்சர், தட்டினார்கள். பெயர் தெரியாத பையன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஒவ்வொரு பேருக்கும் அவருடைய குரல் இறங்கிக்கொண்டே போனது. "கடைசியா" என்று ஆரம்பித்தார். பேரைச் சொல்வதற்குள் மார்லிஸ் தட்ட ஆரம்பித்துவிட்டாள். டப்பும் சேர்ந்துகொண்டார். எல்லோரும் தட்டினார்கள், எப்போதும் தட்டுவதைவிட ரொம்ப நேரம்.

சத்தம் அடங்கியதும் ஓரின் எழுந்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு காலுறையை எடுத்தார். அதற்குள் ஒரு பந்து.

"டேட்டு அனுப்பினான். கூட்டத்துல இதைப் பிடிச்ச ஆளுக்கு மட்டையைக் குடுத்து வாங்கியிருக்கான். 'வெண்டல்கிட்ட குடுத்துருப்பா, வேற யாரும் என்னைக் களத்துல வச்சிருக்க மாட்டாங்க, அவர் வச்சிருந்தார்'னு சொன்னான்."

நீட்டினார்.

வெண்டல் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். திருடிவிட்ட பிள்ளையைப் போல.

"என்னால வாங்க முடியாது ஓரின்."

"என்னடா வெக்கம், பிடி."

"நான் அவனை வச்சிருக்கலை. அந்த வாரம் பெஞ்சுக்கு அனுப்பிட்டேன். அந்த அடி யாருக்கும் சேரலை."

மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். ஓரினின் கை நீட்டியபடியே இருந்தது. கடைசிப் பாதையில் யாரோ உருட்டிய பந்து கட்டைகளில் மோதுகிற சத்தம் கேட்டது.

"எப்ப அனுப்பின?"

"திங்கக்கிழமை."

"யாரைப் போட்ட?"

"கின்கெய்ட்."

"அவன் என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பெருசா இல்லை. டேட்டை வச்சிருந்தாலும் நான்தான் ஜெயிச்சிருப்பேன்."

ஓரின் கொஞ்சம் யோசித்தார். வயலில் எந்தப் பக்கம் முதலில் வெட்டுவது என்று யோசிப்பது போல.

"அந்த நேரம் அவனுக்கு மட்டையில படவே இல்லைதான்" என்றார். "நானா இருந்தாலும் மாத்தியிருப்பேன்."

வெண்டல் ஒருகணம் நிமிர்ந்தார்.

"ஆனா இது ஜெயிச்சவனுக்குன்னு குடுத்தது இல்லை வெண்டல். வச்சிருந்தவனுக்குன்னு குடுத்தது."

பந்தைக் காலுறைக்குள் போட்டு, அதன் வாயை முறுக்கி, பைக்குள் வைத்துக்கொண்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டு மழைக்குள் போனார்.

"நல்லா இருந்துச்சுடா" என்றார் டப். "வாயை மூடத் தெரியாதா உனக்கு?"

"மூடித்தான் இருந்தேன், டப். மூணு வாரம்."

கோப்பையை வெண்டல் எடுத்துப் போகவில்லை. மார்லிஸும் தொடவில்லை. இன்றைக்கும் என் ஷூ அலமாரியில் பெரிய அளவு ஷூக்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்த மார்ச்சில் மறுபடி ஆள் எடுத்தார்கள். டேட்டை எந்த அணியும் சேர்த்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவோடு வயலில் நின்றான். ஃபோனில் அவன் பேரைத் தேடினால் வராது. இனி அவனை யாரும் எடுக்க முடியாது, விரும்பினாலும்.

"ஊர்வரி ரத்து" என்றார் டப்.

கடைசிச் சுற்றில் வெண்டலின் முறை வந்தது.

"நான் யாரையும் எடுக்கலை."

"ஒரு ஆள் குறைச்சலாவா ஆடுவ?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"ஆடறேன்."

 அந்தக் கோடை முழுக்க அவருடைய ஃபோனில் ஒரு இடம் காலியாகவே இருந்தது. ஆள் போடச் சொல்லி அது சிவப்பில் எச்சரித்துக்கொண்டே இருக்கும். காபி வைக்கும்போது பார்ப்பேன். இப்போது அவர் ஃபோனைக் கவிழ்ப்பதில்லை. எனக்கு எங்கள் வாசலில் கதவைத் திறந்து நின்ற பஸ்தான் ஞாபகம் வந்தது. அவரிடம் சொல்லவில்லை. அந்த வருஷம் வெண்டல் லீக்கில் எட்டாவதாக, கடைசியாக வந்தார்.

வெண்டல் இருக்கும் நேரத்தில் ஓரின் அந்த வருஷம் கூடத்துக்குள் வந்ததே இல்லை. ஆனால் அக்டோபரில் மழை வந்ததும் வந்தார். ஓர நாற்காலிக்குப் போகாமல் என் கவுண்டரில், மேஜைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். காபி ஊற்றினேன். குடிக்கவில்லை.

வெண்டல் எழுந்து தன் வரிசையைச் சொன்னார். எல்லாமே தண்டம். தலையெல்லாம் பாப்கார்ன். கடைசியில் நிறுத்திவிட்டார்.

"கடைசி?" என்றாள் மார்லிஸ். அவள் கேட்டே ஆக வேண்டும், கமிஷனர்.

"காலி."

யாரும் தட்டவில்லை. யாரும் எறியவில்லை. ஓரின் ஸ்டூலிலேயே மெதுவாகத் திரும்பினார்.

"வருஷம் பூராவா?"

"ஆமா."

"காலியா வச்சா அது என் பையன் ஆயிடுமா?"

"ஆகாது."

"அப்புறம் எதுக்குடா?"

"தெரியலை ஓரின். வேற யாரையும் போடக் கை வரலை."

ஓரின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கு முன்னால் இருந்த கிண்ணத்தில் கையை விட்டு ஒரு பிடி பாப்கார்னை அள்ளினார். சிரிக்காமல், நல்ல பலமாக, வெண்டலின் மேல் எறிந்தார். பிறகு திரும்பி உட்கார்ந்து ஆறிப்போன காபியைக் குடிக்க ஆரம்பித்தார்.

ஓரின் எறிந்ததில் ஒன்று வெண்டலின் தோளில் தங்கியிருந்தது. பிள்ளைகளை வீட்டில் விட பஸ் எடுக்கப் போகும்போதும் அவர் அதைத் தட்டிவிடவில்லை.